பள்ளிக்கூடத்தின் பிளானும் பக்கத்து வீட்டாரும்

கெடா மாநிலம், யான் மாவட்டம், பாடாங் லூமாட் என்னும் ஊரில் "பொண்டோக் பாக் யா" என்று ஜனங்கள் அழைக்கும் சமயப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. 1989-ம் வருடம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி அதன் மாணவியர் விடுதியில் தீப்பற்றியது. விடுதிகள் எட்டு எரிந்து சாம்பலாயின. ஓதிப் படிப்பதற்காக வீட்டைவிட்டு வந்து தங்கியிருந்த 27 பெண்மக்கள் உயிரிழந்தனர். கெடாவில் அந்த வருடத்தை அறிந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

யார் மீதும் குற்றம் சாட்டுவதற்காக இதை இங்கே எடுத்துச் சொல்லவில்லை. தனியார் பள்ளிக்கூடம் கட்டும் விஷயத்தில் அண்டை வீட்டாருக்கும் நிர்வாகக் கமிட்டிக்கும் தகராறு வரும்போதெல்லாம், தகராறின் அடியில் என்ன கிடக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, "இந்தச் சந்தில் வண்டி திரும்ப இடமில்லையே, பள்ளிக்கூடம் எப்படி வைப்பீர்கள்?" என்று கேட்கிறார். அவர் கேட்பது தம்முடைய காரை நிறுத்த இடம் போய்விடுமே என்ற கவலையினால்தான். இருந்தாலும் வண்டி திரும்ப இடமில்லாத சந்தில் பொம்பா வண்டியும் திரும்பாது என்பதை அவர் தம்மை அறியாமலே சொல்லிவிடுகிறார். கேட்டவரின் நோக்கம் எதுவாயிருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. கமிட்டியார் அதை எதிர்ப்பு என்று எண்ணிக் கோபம் கொள்ளுகிறார்கள். கட்டணமின்றிக் கிடைத்த ஒரு பரிசோதனை என்று எண்ணுவதே சரி என்பது நமது அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் வியாபாரிகளாகிய நம்முடைய நிலை கொஞ்சம் விசித்திரமானது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ அலோர் ஸ்டாரிலோ ஒரு மதரஸாவுக்கோ தனியார் பள்ளிக்கோ நிலம் வாங்க வேண்டுமென்றால் ரசீதுப் புத்தகம் முதலில் நம் கடைக்குத்தான் வருகிறது. நாமும் கொடுக்கிறோம். கமிட்டியில் பொருளாளர் என்றோ துணைத் தலைவர் என்றோ நம் பெயரும் சேருகிறது. அதே சமயம், நமது கடை இருக்கும் வரிசையில் வேறொரு கூட்டத்தார் பள்ளி திறக்க வந்தால், கடைக்கு முன்னே வண்டி நிற்குமே, ஐந்தடி முழுதும் பிள்ளைகள் கூட்டமாக இருக்குமே என்று முதலில் முணுமுணுப்பவர்களும் நாம்தான். பகல் ஒரு மணிக்குப் போக்குவரத்து நெரிசலைக் குறித்துப் புகார் சொல்லும் அதே கடைக்காரர், ஒன்றரை மணிக்கு ஐஸ் தண்ணீர் விற்ற காசை எண்ணுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்! ஆகவே இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்வது அவசியம். கட்டுகிறவராய் ஒரு வருடம் இருப்போம். ஆட்சேபிக்கிறவராய் மறு வருடம் இருப்போம்.

எது கட்டடம், எது மாற்றம்?

நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. புதிதாக அஸ்திவாரம் தோண்டினால்தான் அனுமதி தேவை. ஏற்கனவே இருக்கும் வீட்டிலோ கடை மாடியிலோ பெஞ்சு போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். 1976-ம் வருடத்து நகர், கிராமத் திட்டச் சட்டம் (172-ம் நெம்பர் சட்டம்) அப்படிச் சொல்லவில்லை. கட்டுவது மட்டுமன்றி, நிலத்தின் அல்லது கட்டடத்தின் உபயோகத்தைக் கணிசமாக மாற்றுவதும் அச்சட்டத்தில் "மேம்பாடு" எனப்படும். குடியிருப்பு வீட்டைப் பள்ளியாக்குவது உபயோக மாற்றமே. அதற்கு நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். அலுவலகத்தில் இதைக் "கெபெனாரான் மெரஞ்சாங்" என்று சொல்லுவார்கள். அனுமதியின்றிச் செய்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 2 வருடம் வரை சிறையும் விதிக்க 26-வது பிரிவு இடங்கொடுக்கிறது. தர்மக் காரியந்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

திட்ட அனுமதி ஒன்று. கட்டடப் பிளானுக்கு அனுமதி மற்றொன்று. பிளானைப் பற்றிச் சொல்வது 1974-ம் வருடத்துச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழிகள், தீத் தடுப்பு இவையெல்லாம் 1984-ம் வருடத்துக் கட்டட உபவிதிகளில் அடங்கும். கட்டி முடிந்தபின் குடியேறும் தகுதிச் சான்றிதழை முன்பு நகராண்மைக் கழகமே கொடுத்து வந்தது. 2007-ம் வருடம் முதல் அந்தப் பொறுப்பு கட்டடக் கலைஞர், எஞ்சினீயர் முதலியவர்களிடம் வந்துவிட்டது. பள்ளியைப் பதிவு செய்வது 1996-ம் வருடத்துக் கல்விச் சட்டத்தின் கீழ். சமயப் பள்ளியாயின் மாநிலச் சமய இலாகாவையும் அணுக வேண்டும். இத்தனை வாசல்களிலும் ஏறி இறங்குவதற்குள் அலுத்துப்போய், "முதலில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவோம், கடிதம் பின்னால் வரட்டும்" என்று சொல்லும் கமிட்டிகள் உண்டு. அந்த ஒரு வார்த்தையில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திபாகியா என்னும் ஹிப்ளு மதரஸாவில் 2017-ம் வருடம் செப்டம்பர் 14-ந் தேதி விடியுமுன் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். மேல் மாடியில் பிள்ளைகள் தூங்கினார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். அக்கம்பக்கத்து இளைஞர்கள் சிலரைப் போலீஸார் கைது செய்தார்கள். மாணவர்களோடு ஏற்பட்ட வாய்ச் சச்சரவே காரணம் என்றும் தெரிவித்தார்கள். அந்தச் சச்சரவு கட்டடத்தைப் பற்றியதல்ல. ஆனால் ஜன்னல் கம்பி கட்டடத்தைப் பற்றியது.

கும்பகோணத்தை நம்மில் பலர் அறிவோம்; தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்களின் குடும்பங்களுக்கு அது உறவினர் ஊர். 2004-ம் வருடம் ஜூலை மாதம் 16-ந் தேதி அங்கே காசிராமன் தெருவில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் 94 பிள்ளைகள் வெந்து மாண்டனர். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்தன. சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குப் படிக்கட்டோ குறுகலானது. தெருவில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கூரை தினமும் கண்ணில் பட்ட கூரைதான். அதைச் சட்டப்படி கேட்க ஒரு முறையும், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஓர் இடமும் அவர்கள் கைக்கு எட்டியிருக்க வேண்டாமா?

அண்டை வீட்டார் என்பவர் யார்?

இதற்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சுங்கை பட்டாணிக்கு வெளியே இரண்டு தாமான்களுக்கு நடுவே பழைய ரப்பர் துண்டு நிலம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதற்குப் போகும் வழி பதினான்கு வீடுகள் உள்ள ஒரு முட்டுச் சந்து. அந்த நிலத்தில் மூன்று மாடிப் பள்ளி கட்ட ஒரு கமிட்டி விரும்புகிறது.

முதலில் நிலத்தின் பட்டாவைப் பார்க்க வேண்டும். கெடாவின் தென் பகுதியில் வீடமைப்புப் பேட்டைகள் பலவும் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற மண்தான். 1950-ம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் பிரிந்த வரலாற்றை உங்கு அஜீஸ் தலைமையில் ஆராய்ந்து ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். அப்படிப் பிரிந்த துண்டுகளில் பல இன்றும் விவசாய வகைப் பட்டாவில் கிடக்கின்றன. 1965-ம் வருடத்துத் தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற நில இலாகாவில் மனுச் செய்து, பிரீமியம் கட்ட வேண்டும். "தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் விவசாய நிலத்தில்தானே நின்றன?" என்று கேட்பார்கள். அந்த நிலத்திலே வேலை செய்வோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வேண்டிய பள்ளி, மருந்துச் சாலை, சாமான் கடை இவற்றை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. தோட்டம் போய், தொழிலாளர்களும் போய், ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி கட்டும்போது அந்தச் சலுகை கிடையாது. மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதையும் பட்டாவிலேயே பார்த்துவிடுவது நல்லது. முன்பணம் கொடுத்தபின் பார்த்து வருந்துகிறவர்கள் வியாபாரிகளிலேயே இருக்கிறார்கள். யாராவது அந்த நிலத்தை வக்பாகக் கொடுக்க விரும்பினால், கெடா மாநில இஸ்லாமிய சமய மன்றமே அதற்கு முத்தவல்லி என்பதை நினைவில் வைத்து, பிளான் வரைவதற்கு முன்பே அங்கே போக வேண்டும்.

இனி சந்தில் உள்ளவர்களுக்கு வருவோம். 172-ம் நெம்பர் சட்டத்தின் 21-வது பிரிவு மூன்று வகையான நிலங்களை அண்டை நிலம் என்று கூறுகிறது. எல்லையை ஒட்டிய நிலம். 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, வாய்க்கால் ஆகியவை மட்டும் குறுக்கே இருந்து, அவை இல்லாவிடில் ஒட்டியிருக்கக்கூடிய நிலம். முட்டுச் சந்து வழியாகப் போகும் நிலமாயின், அதே சந்தை உபயோகிக்கும் 200 மீட்டருக்குட்பட்ட நிலங்கள். நம் உதாரணத்தில் 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளெல்லாம் கணக்கில் வந்துவிடும். அந்த நிலச் சொந்தக்காரர்களுக்கு நகராண்மைக் கழகம் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் சார்பு செய்த நாளிலிருந்து 21 நாளைக்குள் ஆட்சேபத்தையும் அதற்குரிய காரணங்களையும் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபித்தவர் நேரில் பேச விரும்பிக் கேட்டால், கெடு முடிந்த 30 நாளைக்குள் அவரையும் மனுதாரரையும் விசாரிக்க வேண்டும். முடிவு திருப்தியில்லையானால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. இவற்றை அறியாமல் ஏமாந்தவர்கள் அநேகர்.

ஒன்று, அந்த வட்டாரத்துக்கு "ரஞ்சாங்கான் தெம்பாத்தான்" எனப்படும் வட்டாரத் திட்டம் அரசிதழில் வெளியாகி அமலில் இருந்தால், மேலே சொன்ன நோட்டீஸ் அனுப்பும் கட்டாயம் இந்தப் பிரிவின்படி இல்லை. வட்டாரத் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான் அந்தப் பிரிவு பேசுகிறது. ஏனெனில், வட்டாரத் திட்டத்தின் நகல் தயாராகும்போதே அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் கூற நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்கிறார்கள். அப்போது பேசாதவர், பிறகு தம் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கென்று வர்ணம் தீட்டிய நிலத்தில் பள்ளி வரும்போது, "எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே" என்று சொல்லிப் பயனில்லை. நகராண்மைக் கழகத்தில் அந்தப் படம் தொங்கும் வாரங்களில் எத்தனை வியாபாரிகள் போய்ப் பார்த்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும் அதே கட்டடந்தான்!

மற்றொன்று, நோட்டீஸ் பெறும் உரிமை பட்டாவில் பெயருள்ள சொந்தக்காரருக்குத்தான். வாடகைக்குக் கடை நடத்துகிறவருக்கு அல்ல. நம்மில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். நாற்பது வருடமாக ஒரே இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் அண்டை நிலக்காரர் அல்லர்.

இந்த உரிமையைச் சாமானியமாக எண்ண வேண்டாம். கோலாலம்பூரில் வேறு சட்டமும் வேறு விதிகளும் உண்டு. அங்கே ஒரு கட்டட அனுமதி விஷயத்தில் டத்தின் அஜீசா என்பவர் தொடுத்த வழக்கில், அண்டை நிலக்காரரின் ஆட்சேபத்தைக் கிரமப்படி கேட்கவில்லை என்பதற்காக 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த அனுமதியையே ரத்துச் செய்தது. தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் அடுக்கு வீடுகள் கட்டக் கொடுத்த அனுமதியைச் சுற்றுப்புறத்தார் எதிர்த்த வழக்கில், 2023-ம் வருடம் ஏப்ரல் 18-ந் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புக் கூறியது. இவ்விரண்டும் பள்ளிக்கூட வழக்குகளல்ல. ஆயினும், கேளாமல் கொடுத்த அனுமதி கட்டிய பிறகும் கவிழலாம் என்பதை ஒரு கமிட்டிப் பொருளாளர் இவற்றிலிருந்து புரிந்துகொள்வார். அண்டை வீட்டாருக்கு நோட்டீஸ் போய்ச் சேராமலிருந்தால் நமக்கு நல்லதுதானே என்று நினைப்பவர், ஊரார் பணத்தை அந்த அனுமதியின் மேல் செங்கல்லாக அடுக்குகிறார்.

முட்டுச் சந்தும் ஜன்னலும்

முட்டுச் சந்துக்காரருக்கு மட்டும் ஏன் இந்த விசேஷ உரிமை என்று யோசித்தால், நமக்கு அந்நியமில்லாத ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வருகிறது. துருக்கிய உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட "மஜல்லா" என்னும் சிவில் சட்டத் தொகுப்பே அது. ஜொகூர் அரசு அதை 1913-ல் மலாயில் பெயர்த்து "மஜல்லா அஹ்காம் ஜொகூர்" என்று தன் நாட்டில் வழங்கியது. ஹனபி மத்ஹபை ஒட்டிய தொகுப்பு அது. நம்மில் ராவுத்தர்களுக்கு நெருக்கம், மரைக்காயர்கள் ஷாபியீ என்பதால் சில இடங்களில் வேறுபடும். கெடாவில் இன்று இது நீதிமன்றச் சட்டமல்ல. எனினும் அண்டை வீட்டுத் தகராறுகளை அது அணுகும் விதத்தை அறிந்துகொள்வதில் லாபமுண்டு.

வெளி வாசல் இல்லாத சந்தை அது அச்சந்தில் நடக்கும் உரிமையுள்ள எல்லோருக்கும் கூட்டுச் சொத்துப் போலக் கருதுகிறது. அங்கே ஒருவர் மற்றவர்களின் சம்மதமின்றிப் புதிதாக எதையும் செய்ய முடியாது. அதனால் தீங்கு உண்டா இல்லையா என்பதுகூடப் பொருட்டல்ல. வழி உரிமையில்லாதவர் அச்சந்தில் புதுக் கதவு திறக்கவும் கூடாது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த 172-ம் நெம்பர் சட்டம் 200 மீட்டர் என்று அளந்து சொல்வதும் ஏறக்குறைய அதே மனிதர்களைத்தான். சந்தின் கடைசியில் நூறு பிள்ளைகள் வந்தால் சந்தின் தலைப்பில் இருப்பவருக்கும் வாசல் அடைபடும் என்பதை இஸ்தான்புல்லில் இருந்த ஆலிம்களும் கண்டார்கள், கோலாலம்பூரில் சட்டம் எழுதியவர்களும் கண்டார்கள்.

தன் சொத்தில் தான் விரும்பியதைச் செய்யலாம் என்பதே மஜல்லாவின் பொது விதி. அதற்கு வரம்பு, பிறருக்கு மிகுதியான தீங்கு. மிகுதியான தீங்கு என்பது கட்டடத்தைப் பலவீனப்படுத்துவது அல்லது குடியிருக்கும் அவசியத் தேவையைத் தடுப்பது. காற்று வரவில்லை, மலை தெரியவில்லை என்பது மிகுதியான தீங்காகாது. ஒரே ஜன்னலுள்ள அறையின் வெளிச்சத்தை முழுதும் மறைப்பது தீங்கு. பெண்கள் புழங்கும் இடத்தைப் பார்க்கும்படியான ஜன்னலும் தீங்கு. பள்ளிக்கூடத் தகராறுகளில் அடிக்கடி வருவது இந்தக் கடைசி விஷயந்தான். மூன்றாம் மாடி வகுப்பறையில் நின்றால் பக்கத்து வீட்டுக் கொல்லையும் சமையற்கட்டும் தெரிகின்றன. இதற்கு மஜல்லா என்ன பரிகாரம் சொல்லுகிறது? கட்டடத்தை இடி என்று சொல்லவில்லை. ஜன்னலை முற்றிலும் அடை என்றும் சொல்லவில்லை. பார்வை படாதபடி சுவரோ பலகைத் தட்டியோ வை என்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் ஜன்னலை, "ஏணி வைத்து ஏறிப் பார்ப்பான்" என்ற சந்தேகத்துக்காக மூடச் சொல்ல அண்டை வீட்டாருக்கு உரிமையில்லை என்றும் சேர்த்தே சொல்லுகிறது. முந்நூறு வெள்ளித் தட்டியில் முடிய வேண்டியதை மூன்று வருட வழக்காக்குகிற சாமர்த்தியம் நம் இரு தரப்பாருக்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு விதியும் கவனிக்கத் தக்கது. ஏற்கனவே நடந்துவரும் ஒரு தொழிலுக்குப் பக்கத்தில் பின்னால் வந்து வீடு கட்டியவர், அந்தத் தொழிலின் தீங்கைச் சொல்லி அதை நிறுத்தச் சொல்ல முடியாது. தம் குறையைத் தாமே நீக்கிக்கொள்ள வேண்டும். முப்பது வருடமாக ஓர் இடத்தில் டயர்ப் பட்டறையோ மாவு மில்லோ நடத்திவரும் வியாபாரியின் பக்கத்தில் பள்ளி எழும்பி, பிறகு "சத்தத்தில் பாடம் நடக்கவில்லை, பட்டறையை எடு" என்றால் என்ன செய்வது? வியாபாரி ஆட்சேபம் சொல்ல வேண்டியது பள்ளி திறந்த பிறகல்ல. பிளான் நகராண்மைக் கழகத்தில் இருக்கும்போதுதான். தம் பட்டறை எப்போதிலிருந்து, எந்த லைசென்ஸில் நடக்கிறது என்று அப்போதே எழுதிவைத்தால், பள்ளிக்காரரே சுவரைத் தள்ளிக் கட்டுவார்.

காம்டன் ஊர் வழக்கு

இதுவரை சொன்னது நியாயமான ஆட்சேபம். நியாயமல்லாத ஆட்சேபமும் உலகத்தில் உண்டு. அது எந்த உருவத்தில் வரும், அதன் முன் நாம் எப்படி நிற்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

சிட்னி நகருக்குத் தென்மேற்கே காம்டன் என்ற பட்டணம் இருக்கிறது. சுற்றிலும் பண்ணை நிலங்கள். குர்ஆனிக் சொஸைட்டி என்னும் முஸ்லிம் சங்கம் அங்கே நிலம் வாங்கி, 1,200 பிள்ளைகள் படிக்கும் இஸ்லாமியப் பள்ளி கட்ட 2007-ல் மனுச் செய்தது. ஊர் திரண்டது. எதிர்ப்புக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. போக்குவரத்து என்று சிலர், பண்ணை நிலத்தின் அழகு என்று சிலர், "அவர்கள் இங்கே வேண்டாம்" என்று வேறு சிலர். அவ்வருடம் நவம்பர் மாதத்தில் அந்த நிலத்தில் பன்றித் தலைகளைக் கம்பில் குத்தி நட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். 2008-ம் வருடம் மே மாதம் 27-ந் தேதி காம்டன் நகர சபை மனுவை ஏகமனதாக நிராகரித்தது. மதத்துக்காக அல்ல, திட்டக் காரணங்களுக்காகத்தான் என்றது. சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009-ல் நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றமும் அதைத் தள்ளிவிட்டது. அந்தக் கிராமப்புற நிலத்துக்கு அவ்வளவு பெரிய பள்ளி பொருந்தாது என்பதே அங்கே முக்கியமான வாதம்.

இதைப் படித்து, "பார்த்தீர்களா, எல்லாம் துவேஷம்!" என்று புத்தகத்தை மூடிவிடுவது சுலபம். துவேஷம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனு தோற்றது பன்றித் தலையினால் அல்ல. பண்ணை நிலத்தில் 1,200 பிள்ளைகள் என்ற கணக்கினால். நம்மை விரும்பாதவர்கள் காத்திருக்கும் இடத்தில் குறையுள்ள பிளானைக் கொண்டுபோவது, அவர்கள் கையில் நாமே கௌரவமான காரணத்தைக் கொடுப்பதாகும். குறையில்லாத பிளானும் தோற்கலாம் என்பீர்கள். தோற்கலாம். அப்போது அவர்களுடைய உண்மையான காரணம் வெளியே தெரியும். நீதிமன்றத்தில் அதை எடுத்துச் சொல்ல முடியும்.

கெடாவில் நாம் எதிர்ப்போராய் நிற்கும் வேளைகளுக்கும் இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சீனத் தனியார் பள்ளியோ, கிறிஸ்தவர்களின் பாலர் பள்ளியோ, வேறு ஜமாஅத்தின் மதரஸாவோ நம் தெருவுக்கு வரும்போது நாம் எழுதும் கடிதத்தில் எந்தக் காரணம் இருக்கிறது? தெருவின் அகலமா, வருகிறவர்களின் இனமா?

கடிதம் எழுதும் முறை

ஆட்சேபக் கடிதத்தில் கோபம் வேண்டாம், அளவு வேண்டும். "இந்தப் பள்ளி வந்தால் எங்கள் நிம்மதி கெடும்" என்று எழுதுவதால் அதிகாரி எதையும் செய்ய முடியாது. சந்தின் அகலம் 18 அடி. இரு பக்கமும் வண்டி நின்றால் நடுவில் ஒரு வேன் போக முடியாது. பெருமழையில் இந்த வாய்க்கால் இன்ன இடத்தில் பொங்கி, இன்ன வீட்டு வாசல் வரை வந்தது, இதோ படம் என்று எழுதினால் அவர் அதைப் பிளானோடு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் என்ன செய்தால் சம்மதம் என்பதையும் கூடவே எழுதலாம். பிள்ளைகளை இறக்கும் வளைவைப் பள்ளி எல்லைக்குள்ளேயே அமைக்கட்டும். இரண்டாவது வெளி வாசல் பின் பக்கத்துச் சாலையில் திறக்கட்டும். ஒலிபெருக்கி இன்ன மணிக்கு மேல் வேண்டாம். நகராண்மைக் கழகத்துக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் உண்டு. முழுதும் மறுக்கச் சொல்வதைவிட நிபந்தனை கேட்பது பல சமயம் அதிகாரிக்கும் எளிது. வீட்டாரெல்லாம் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதோடு நிற்காமல், பட்டாக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் தனிக் கடிதமும் கொடுக்க வேண்டும். நேரில் பேச விரும்புகிறேன் என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். கேட்டவரைத்தான் விசாரணைக்கு அழைப்பார்கள்.

கட்டுகிற கமிட்டிக்கு ஒரு யோசனை. பிளான் நகராண்மைக் கழகத்துக்குப் போவதற்கு முன்பு அதைச் சந்தில் உள்ளவர்களிடம் கொண்டுபோக வேண்டும். மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுவதைவிட, ஒரு கடை மேஜையில் விரித்து வைத்து, தேநீர் வைத்து, ஐந்தாறு பேராக உட்காருவது மேல். கூட்டத்தில் ஒருவர் எழுந்து கத்தினால் மற்றவர்களும் கத்த வேண்டியதாகிறது. மேஜையில் விரல் வைத்துக் காட்டத்தான் தோன்றும். அங்கே சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்க முடியவில்லை, ஏன் என்பதை ஒரு தாளில் எழுதி அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். விடுதி வைக்கும் எண்ணமிருந்தால் அதை மறைக்கக் கூடாது. "பகல் பள்ளிதான்" என்று சொல்லி அனுமதி வாங்கி, ஆறு மாதத்தில் மேல் மாடியில் பாய் விரிப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் ஏமாற்று மட்டுமல்ல. பொம்பாவின் கணக்கில் பகலில் விழித்திருக்கும் பிள்ளைகளும் இரவில் தூங்கும் பிள்ளைகளும் ஒன்றல்ல. வழியும் கதவும் வேறாக வேண்டும். பாடாங் லூமாட்டில் தீப்பிடித்தது வகுப்பறைகளில் அல்ல, விடுதிகளில்.

வாடகைக் கடைக்காரர்கள் மட்டும் இன்னொன்றையும் செய்துகொள்ள வேண்டும். உங்கள் கடையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். சொந்தக்காரர் பினாங்கில் இருக்கலாம், காரைக்காலிலோ ராமநாதபுரத்திலோ இருக்கலாம், காலமாகி வாரிசுகள் பெயர் மாற்றாமலும் இருக்கலாம். நகராண்மைக் கழகத்தின் நோட்டீஸ் அந்த விலாசத்துக்குத்தான் போகும். 21 நாளோ இங்கே ஓடிக்கொண்டிருக்கும். கடித உறையைக் கிழித்தெறியாமல் தேதியோடு பத்திரப்படுத்தவும், வந்த அன்றே உங்களுக்குச் சொல்லவும் அவரிடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீங்கள் தயாரித்த கடிதத்தில் அவர் கையெழுத்து வாங்கி, நகராண்மைக் கழகக் கவுண்டரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை குத்தச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.